செருகாத வயர்

பிரஸ் மெஷினில் இருபத்திரண்டு வருஷம் நின்ற அண்ணனுக்கு, தங்கை அதே தொழிற்சாலைக்கு நர்ஸாக வந்ததில் தலைகால் புரியாத பெருமை. ஆனால் இன்று காது பரிசோதனை. தேறாவிட்டால் மெஷினை விட்டு இறக்கிவிடுவார்கள்.

அவருக்கு ஒரு வித்தை தெரியும். சத்தம் கேட்காவிட்டாலும், நர்ஸின் விரல் பொத்தானை அழுத்தும்போது கையைத் தூக்கினால் போதும். பழைய நர்ஸிடம் ஆறு வருஷம் அப்படித்தான் தேறினார்.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு தங்கையின் விரலையே பார்த்தார். அவள் அழுத்தியபோதெல்லாம் தூக்கினார்.

அவள் ஹெட்போனின் வயரை எடுத்துக் காட்டினாள். அதைக் கருவியில் செருகவே இல்லை.

"வயரே இல்லாம கேக்குதாண்ணே? பலே காதுதான்!" என்றாள் சத்தமாக.

"வெளிய சொல்லிடாதம்மா. மெஷின விட்டா எனக்கு வேற என்ன தெரியும்?"

"நேத்து உன் முதுகுக்குப் பின்னாடி நின்னு மூணு தடவ கத்தினேன். நீ திரும்பல. நான் வண்டியா இருந்திருந்தா?"

வயரைச் செருகிவிட்டு, விரல் தெரியாதபடி தன் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பி உட்கார்ந்தாள்.

அண்ணனின் கை மடியிலேயே கிடந்தது. அவள் தோள் அசைந்தது, எழுதுகிறாள். இவளை யாராலும் ஏமாற்ற முடியாது என்று நினைத்தபோது பெருமையாகத்தான் இருந்தது.