நாற்பதாவது ஞாயிறும் இருபது கிலோவும்

அந்த ஊரில் அவளை எல்லாரும் டன்னக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். ஊருக்கு வெளியே, மணலும் செங்கலும் பழைய இரும்பும் ஏற்றிய லாரிகள் வந்து நிற்கும் எடைமேடையில் அவளுக்கு வேலை. பதினோரு வருடம் கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து எண்களையே பார்த்ததில், எதைப் பார்த்தாலும் எடை போடும் பழக்கம் அவளுக்கு ஒட்டிக்கொண்டது. தூரத்தில் லாரி உறுமும்போதே, "பன்னிரண்டு டன். டிரைவர் தூங்கி வழியறார்" என்பாள். இரண்டும் சரியாக இருக்கும். ஒரு நாள் முகம் வாடி வந்த லாரிக்காரர் ஒருவரிடம், "அண்ணே, வண்டி ஒன்பது டன், உங்க கவலை மூணு டன். எதை முதல்ல இறக்கப் போறீங்க?" என்று கேட்டாளாம். அவர் மேடையிலேயே வண்டியை நிறுத்தி அரை மணி நேரம் அழுதார் என்றும், அழுது முடித்தபோது இயந்திரம் இருபது கிலோ குறைத்துக் காட்டியது என்றும் ஊரில் ஒரு பேச்சு உண்டு. வெறும் பேச்சாகவே இருக்கட்டும். சொன்னவர்கள் எல்லாம் நல்லவர்கள்.

ஏன் சரியாக இருபது என்றால், அந்த இயந்திரம் இருபது இருபதாகத்தான் எண்ணும். அதற்குக் குறைந்த எதுவும் அதன் கண்ணில் படாது. மேடையில் நாய் படுத்துக் கிடந்தாலும் பூஜ்யம், டன்னக்காவின் சாப்பாட்டுக் கூடையை வைத்தாலும் பூஜ்யம்.

அவளுக்குப் பிள்ளைகள் இரண்டு. பெரியவளுக்கு ஆறு வயது, சின்னவனுக்கு நான்கு. கணவர் கப்பலில் சமையல்காரர். வருடத்தில் இரண்டு மாதம் வீட்டில், பத்து மாதம் தொலைபேசியில். எடைமேடை திங்கள் முதல் சனி வரை காலை ஆறு மணிக்குத் திறந்துவிடும். அவள் கிளம்பும்போது பிள்ளைகள் தூக்கத்தில் இருப்பார்கள். திரும்பி வரும்போது, பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா சோறு ஊட்டி முடித்து, இரண்டும் பாதித் தூக்கத்துக்குப் போயிருக்கும். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் அவளுக்கு முழுப் பிள்ளைகள் கிடைத்தார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குத்தான் ஆபத்து வந்தது. கொண்டுவந்தவர் கணவரின் அக்கா, பிள்ளைகளுக்கு அத்தை. மூன்று மணி நேரப் பேருந்துத் தூரத்தில், பெரிய நகரத்தில், பதினோராவது மாடியில் குடியிருப்பவர். தன் பிள்ளைகள் வளர்ந்து ஆளுக்கொரு திசையில் போய்விட்டதால், அந்த மாடியில் அவரும் லிப்டின் சத்தமும்தான் மிச்சம்.

"இந்த ஊர்ல குழந்தைங்க பார்க்க என்னம்மா இருக்கு? ஒரு மணிக்கூண்டு. அதுவும் ஓடலை."

"ஓடுது அண்ணி. கொஞ்சம் மெதுவா."

"வாராவாரம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரெண்டையும் பஸ் ஏத்தி விடு. ஞாயித்துக்கிழமை பொழுது சாயறதுக்குள்ள கொண்டுவந்து விட்டுடறேன். நீ சனிக்கிழமையும் வேலைக்குப் போயிடறே. என் வீட்டுப் பக்கத்துல நீச்சல் குளம் இருக்கு, மிருகக்காட்சி சாலை இருக்கு, தானே ஏறி இறங்குற படிக்கட்டு இருக்கு. இங்க என்ன, தூசியைக் காட்டுவியா?"

கப்பலிலிருந்து கணவரும், "அக்கா சொல்றதும் சரிதானே?" என்று இழுத்தார். டன்னக்கா தொலைபேசியை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள்.

"அண்ணி, பள்ளிக்கூட வருஷம் முடிய நாப்பது ஞாயிறு இருக்கு. ஒவ்வொரு ஞாயிறும் இந்த ஊருக்குள்ளேயே இவங்க பார்க்காத ஒரு இடத்தைக் காட்டறேன். ஒரு ஞாயிறு தப்பினாலும், பார்த்த இடத்தையே மறுபடி காட்டினாலும், வெள்ளிக்கிழமை நானே பஸ்ல ஏத்தி விடறேன்."

"இந்த ஊர்ல நாப்பது இடமா? நாப்பது வீடு இருக்கான்னே எனக்குச் சந்தேகம்!" என்று அத்தை சிரித்தார். ஆனாலும் கைகொடுத்து ஒப்புக்கொண்டார்.

நடுவர் வேலையைப் பெரியவள் தானாகவே எடுத்துக்கொண்டாள். ஞாயிறுக்கு ஒரு பக்கமாக, போன இடத்தைப் படம் வரைந்து வைக்க ஒரு நோட்டு. அம்மா என்பதற்காக அவள் இம்மியும் இறங்கி வரவில்லை. பேக்கரி அடுப்பைப் பார்த்த மூன்றாம் வாரம், அதே பேக்கரியின் மாடியைக் காட்டப் போனபோது, மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, "வாசனை ஒண்ணுதான். செல்லாது" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள். டன்னக்கா அன்று மாலை வெளிச்சம் போவதற்குள் இருவரையும் இழுத்துக்கொண்டு ஓடி, ஐஸ் கம்பெனியின் குளிர் அறையைக் காட்டி அந்த ஞாயிறைக் காப்பாற்றினாள். உள்ளே இரண்டு நிமிடம்தான் நின்றார்கள். சின்னவன் சொன்ன வார்த்தை வாயருகிலேயே உறைந்து நின்று, வெளியே வந்து உருகியபிறகுதான் காதில் விழுந்தது என்பார்கள். "இது யாரோடது?" என்பதுதான் அந்த வார்த்தை. எந்த இடத்துக்குப் போனாலும் அவன் கேட்பது அது ஒன்றைத்தான்.

அச்சகத்துக்குப் போனார்கள், இருவர் மூக்கிலும் மை. தீயணைப்பு நிலையத்தில் இருந்த ஒரே வண்டியின் மேல் ஏறி உட்கார்ந்தார்கள். முடிதிருத்துபவர் நாற்காலியில் வைத்துச் சுற்றிய சுற்றில், சின்னவனுக்கு மறுநாள் மதியம் வரை ஊரே சுற்றியது. பதினேழாம் ஞாயிறு வாசலை மிதிக்க முடியாத மழை. டன்னக்கா அசரவில்லை. கல்யாணமாகி வந்த நாள் முதல் நகராத இரும்பு பீரோவை முதுகு கொடுத்துத் தள்ளி, அதன் பின்னாலிருந்த சுவரைக் காட்டினாள். அங்கே பழைய நீலச் சுண்ணாம்பும், ஒரு பல்லி முட்டையும், கணவர் நான்கு வருடமாகத் தேடிய கைக்கடிகாரமும் இருந்தன. நடுவர் வெகுநேரம் யோசித்து, "செல்லும்" என்றாள்.

முதலில் சிரித்த ஊர், இருபதாம் வாரத்துக்குமேல் ரோஷப்பட ஆரம்பித்தது. "என்ன டன்னக்கா, ஐஸ் கம்பெனிக்கெல்லாம் போனீங்களாம். எங்க டயர் பட்டறை உங்க கண்ணுக்குத் தெரியலையா?" என்று வழிமறித்துச் சண்டை போட்டார்கள். இப்படியே முப்பத்தொன்பது பக்கம் நிறைந்தது.

நாற்பதாவதை அவள் முதல் மாதமே எடுத்து வைத்திருந்தாள். ஊருக்கே தண்ணீர் தரும் மேல்நிலைத் தொட்டி. நூற்றிருபது படி ஏறினால் மொத்த ஊரும் காலடியில். தொட்டிக்காரர் சாவியோடு வருவதாகச் சத்தியமே செய்திருந்தார். கடைசி ஞாயிறைக் கண்ணால் பார்க்க அத்தையும் காலைப் பேருந்தில் வந்து இறங்கினார். கையில் இரண்டு புதுப் பெட்டிகள், பிள்ளைகளின் துணிக்கு.

தொட்டிக்குக் கீழே சாவியும் இல்லை, தொட்டிக்காரரும் இல்லை. அவர் மனைவிதான் வேகமாக நடந்து வந்தார். "அக்கா, நேத்து அவர் கடைசிப் படியில தவறிக் கால் பிசகிடுச்சு. நூத்திப் பத்தொன்பது படி ஒழுங்கா இறங்கினவருக்குக் கடைசி ஒண்ணு இறங்கத் தெரியலை! அவர் கூட இல்லாம யாரையும் மேல விடக்கூடாதுன்னு உத்தரவு."

அத்தை பெட்டிகளைக் கீழே வைத்தார். "பாவம், நல்லாத்தான் கொண்டுவந்தே. என்ன பண்றது? வெள்ளிக்கிழமை நாலரை மணி பஸ் வசதியா இருக்கும்."

"பொழுது இன்னும் சாயலை அண்ணி."

டன்னக்கா நடந்தாள், பின்னால் மூவரும் நடந்தார்கள். தெரு தெருவாக நோட்டைப் புரட்டியதுதான் மிச்சம். மர அறுவை ஆலை? பதினொன்று. பேருந்து கழுவுமிடம்? இருபத்தாறு. கோழிப் பண்ணை, தபால் நிலையத்தின் பின்கட்டு, பாலத்தின் அடி, எல்லாம் ஆகிவிட்டன. புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தபடி கடைத்தெரு முனையில் நின்றாள்.

சின்னவன் புடவையைப் பிடித்து இழுத்தான். "அம்மா, நீ லாரி தூக்குற இடத்துக்கு நாம போகவே இல்லையே."

"என்னடா தூக்குறது?"

"தையல் பாட்டி சொன்னாங்க. நீ தினமும் லாரியைத் தூக்கித் தூக்கிப் பார்க்கறியாம். அதான் வீட்டுக்கு வந்ததும் கை வலிக்குதுன்னு சொல்றே. நான் ஸ்கூல்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."

ஊரையே சல்லடை போட்டுத் தேடிய டன்னக்காவுக்கு அந்த இடம் ஒரு நாளும் தோன்றவில்லை. மற்ற இடங்கள் பிள்ளைகளோடு இருக்கும் இடங்கள். அது பிள்ளைகளை விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கும் இடம். அதை எப்படிக் காட்டத் தோன்றும்?

எடைமேடைச் சாவி அவள் இடுப்பிலேயே இருந்தது. முதலாளிக்குப் போன் போட்டாள். "ஞாயித்துக்கிழமையுமா லாரி வருது?" என்றார் அவர். "இல்லைங்க, என் பிள்ளைங்க வருது" என்றாள். "காலையில மெஷின் பூஜ்யத்துல நிக்கணும்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

எடைமேடையைப் பார்த்ததும் சின்னவன் கேட்டான்: "இது யாரோடது?"

"முதலாளியோடது." அறையைத் திறந்து இயந்திரத்தைப் போட்டாள். "திங்கள்லேர்ந்து சனி வரைக்கும் என்னோடது."

"நீ எப்படித் தூக்குவே? காட்டு."

"இந்த இரும்புத் தரைதான் தூக்கும். நான் உள்ள உட்கார்ந்து, அது என்ன சொல்லுதுன்னு கேட்டுக்குவேன். ஏறி நில்லு."

அவன் ஓடிப்போய் நடுவில் நின்றான். லாரிக்காரர்கள் பார்ப்பதற்காக வெளியே மாட்டியிருந்த பலகையில் சிவப்பாக ஒரு பூஜ்யம். அக்காக்காரி கைகொட்டிச் சிரித்துவிட்டு, அவனை இறக்கிவிட்டுத் தான் ஏறினாள். அவளுக்கும் பூஜ்யம். "நான் பத்தொன்பது கிலோ! ஸ்கூல்ல பார்த்தாங்க!" என்று அவள் காலால் ஓங்கி மிதித்தாள். இயந்திரம் மதிக்கவில்லை.

"ரெண்டு பேரும் சேர்ந்து நில்லுங்க" என்றாள் டன்னக்கா.

இருபது.

அவ்வளவுதான், இரண்டும் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தன. அம்மாவையும் இழுத்தார்கள். எண்பது. பிறகு மூன்று பேரும் திரும்பி அத்தையைப் பார்த்தார்கள்.

"அதெல்லாம் வேண்டாம். நான் டாக்டர்கிட்டயே மெஷின்ல ஏற மாட்டேன்."

"அத்தை பயப்படறாங்க!" என்றான் சின்னவன்.

"யாருடா பயப்படறது?" அத்தை செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். ஒரு கிலோ குறையட்டுமே என்று கைப்பையையும் கீழே வைத்தார். பலகை கொஞ்சம் தயங்கி நூற்றறுபது என்றது.

"கெட்டுப்போன மெஷின்! நான் எண்பதா?"

"நேத்து பன்னிரண்டு டன் மணல் போட்டேன், நல்லாத்தான் இருந்தது அண்ணி. எங்க மூணு பேர்ல எட்டு கிலோ வெளியில தெரியாம ஒளிஞ்சிருக்கு. அதனால நீங்க எழுபத்திரண்டாவும் இருக்கலாம், தொண்ணூத்தொண்ணாவும் இருக்கலாம். அதுக்கே தெரியாது."

"எழுபத்திரண்டு" என்றார் அத்தை, யோசிக்காமல்.

டன்னக்கா மேடை ஓரத்தில் நின்றபடியே ஜன்னல் வழியாகக் கையை விட்டு இயந்திரத்தின் பொத்தான்களைத் தட்டினாள். சீட்டு வந்து விழுந்தது. வண்டி எண் என்ற இடம் காலி. சரக்கு என்ற இடத்தில், 'பிள்ளைகள் இரண்டு, அம்மா ஒன்று, அத்தை ஒன்று.' எடை, நூற்றறுபது.

அத்தை அதை மூன்று முறை படித்தார். படித்துவிட்டு வழக்கைக் கிளப்பினார். "சரிம்மா, வேலை பார்க்கற இடத்தைக் காட்டறது ஒரு ஊர் சுத்தலா? இது எப்படிக் கணக்குல சேரும்?"

நடுவர் தரையில் உட்கார்ந்து, நோட்டை முதல் பக்கத்திலிருந்து விரல் வைத்துப் புரட்டினாள். முப்பத்தொன்பது பக்கம். "இது இல்லை. புதுசு" என்று சொல்லிவிட்டு, நாற்பதாம் பக்கத்தில் ஒரு பெரிய மேடையும், அதன்மேல் நான்கு பேரும் வரைய ஆரம்பித்தாள். அத்தையைக் கொஞ்சம் ஒல்லியாகவே வரைந்தாள்.

மாலை பேருந்து நிறுத்தத்தில் அத்தை வெறும் பெட்டிகளோடு நின்றார். சீட்டு அவர் கைப்பையில் நான்காக மடிந்து இருந்தது. "அந்தத் தொட்டிக்காரருக்குக் கால் எப்ப சரியாகும்?" என்று கேட்டார்.

"ரெண்டு வாரம் ஆகும். ஆனா பந்தயம் முடிஞ்சு போச்சே அண்ணி."

"பந்தயத்துக்குத்தான் வரணுமா? நூத்திருபது படி நான் ஏற மாட்டேன்னு நினைச்சியா?"

டன்னக்கா அவரை ஒருமுறை நன்றாகப் பார்த்தாள். அவள் கண்ணுக்கு எடை தெரியும். "அப்ப வெள்ளிக்கிழமை சாயங்காலமே நீங்க பஸ் ஏறி வந்துடுங்க. சனிக்கிழமை பிள்ளைங்க உங்களோடது. ஞாயிறு என்னோடது. நீங்க கூட வரலாம். ஆனா இடம் நான்தான் சொல்லுவேன்."

"திமிர்" என்றார் அத்தை. சிரித்தபடி இரண்டு பெட்டிகளையும் அவளிடமே தள்ளினார். "இங்கேயே இருக்கட்டும். என் துணி வைக்க வேணும்."

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு முதல் லாரி வந்து உறுமியது. இயந்திரம் ஒழுங்காகப் பூஜ்யத்தில் நின்றது. டன்னக்கா ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். மேடையின் நடுவில் சின்னவனின் ஒற்றைச் செருப்பு.

"அண்ணே, வண்டியை நிறுத்துங்க. மேடையில சரக்கு இருக்கு."

"பூஜ்யம் காட்டுதே அக்கா?"

"அது அப்படித்தான் காட்டும்" என்று சொல்லிக்கொண்டே அவள் இறங்கி நடந்தாள்.