அத்தைக்காகப் பேச வந்தவர்

பிள்ளைகளா, உங்கள் அத்தை வேலை செய்யும் அறையில் ஜன்னலே கிடையாது. வானத்தில் போகிற விமானமெல்லாம் அங்கே திரையில் ஓடும் புள்ளிகள்தான். எந்தப் புள்ளி எந்த உயரத்தில் போகணும் என்று பைலட்டுகளுக்குச் சொல்வது அவள் வேலை. ஒருநாள் இரண்டு விமானங்கள் விதியில் உள்ளதைவிடக் கொஞ்சம் நெருங்கிவிட்டன. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் விசாரணை முடியும்வரை திரைக்கு முன்னால் உட்காரக்கூடாது என்று அவளை எழுப்பிவிட்டார்கள். மறுபடி உட்கார விடுவார்களா என்ற கவலையில் அவளுக்குச் சோறே இறங்கவில்லை.

நானோ தெலுக் பங்லிமா காராங் ஊரில் ஒரு தொழிற்சாலையில் யூனியன் கமிட்டிக்காரன். எங்கள் இடத்தில் பேச்சுவார்த்தை என்றால் சூப்பர்வைசர் மேசைக்கு அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம். விசாரணை நாளன்று, அவளுக்காகச் சண்டை போட ஆள் வேண்டுமே என்று யூனியன் சட்டையை மாட்டிக்கொண்டு கிள்ளானிலிருந்து அவள் வேலையிடத்துக்குக் கிளம்பிப் போனேன்.

"அண்ணே, நீ வேற யூனியன் லா. உன்னை உள்ளே விடமாட்டாங்க. எங்க கிளைச் செயலாளர் எனக்காகப் பேசுவார்" என்றாள்.

"யாரு அவரு?"

"அன்னிக்கு என்னைப் பத்தி ரிப்போர்ட் எழுதின சூப்பர்வைசர்."

"மாட்டிவிட்டவனே வந்து காப்பாத்துவானா?"

"எழுதாம விட்டாத்தான் தப்பு. ஆள் பத்தாம என்னை ஓய்வில்லாம உட்கார வெச்சதையும் சேர்த்துத்தான் எழுதியிருக்கார்."

அந்த மனிதர் வந்தார். என் சட்டையைப் பார்த்துச் சிரித்தார். "நல்லா இருக்கே அண்ணே. எங்களுக்கு இப்படி ஒண்ணு இல்லை."

"நீங்க எல்லாரும் ஒருநாள் வேலையை நிறுத்தினா மேலிடம் பயப்படாதா?" என்று கேட்டேன்.

"பயப்படும். ஆனா மேலே பறக்கிறவங்களை யார் இறக்குறது?"

அத்தையும் அவரும் விசாரணைக்கு உள்ளே போனார்கள். நான் கார் நிறுத்துமிடத்திலேயே நின்றேன்.

வெளியே வந்தபோது அத்தை அழுதுகொண்டே சிரித்தாள். கொஞ்ச நாள் பக்கத்தில் இன்னொருவர் இருக்க வேலை பார்க்கணும். அப்புறம் தனியாகவே உட்காரலாம்.

பிரிக்பீல்ட்சில் வாழையிலைச் சாப்பாட்டுக்குப் போனோம். அவளும் சூப்பர்வைசரும் ஒரு பக்கம் உட்கார்ந்தார்கள். யூனியன் சட்டையோடு நான் எதிர்ப்பக்கம். அவரோடு கை குலுக்குவதா, சண்டை பிடிப்பதா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. அன்றைக்குக் கையெல்லாம் சோறு. இரண்டையும் செய்யவில்லை.