எண்ணெய் வைக்காத மீசை

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பெண்கள் பள்ளியில் பதினெட்டு வருடம் டிராயிங் டீச்சராக இருந்துவிட்டு, இராஜபாளையத்தில் ஓர் ஆண்கள் பள்ளிக்கு மாற்றலாகிப் போனேன். முதல் நாளே என் மரியாதை என்னவென்று தெரிந்துவிட்டது. தலைமையாசிரியர் பேனாவை மூடிக்கொண்டே சொன்னார்: "பத்தாம் வகுப்பு பீரியடைக் கணக்கு சாருக்கு விட்டுக்குடுத்துருங்க டீச்சர். இந்தப் பயலுக படம் வரைஞ்சு என்ன ஆகப்போகுது?"

நான் விட்டுக்கொடுக்கவில்லை. எனக்கு வீம்பு கொஞ்சம் ஜாஸ்தி.

1. நாற்பது பேர், ஒரே முகம்

"உங்களை நீங்களே வரையுங்கள்" என்றேன். நாற்பது நோட்டிலும் ஒரே ஆள்தான் இருந்தான். புடைத்த புஜம், கூலிங் கிளாஸ், முறுக்கு மீசை. முத்துக்குமார் என்பவன் முதலில் மீசையை வரைந்துவிட்டு, அதற்குத் தோதாக முகத்தைச் சுற்றிப் போட்டிருந்தான். அவன்தான் வகுப்புக்கு ராஜா. அரும்பு மீசையை நாள் முழுக்கத் தடவிக்கொண்டே இருப்பான்.

ஒருவன் மட்டும் தன் முகத்தை அப்படியே வரைந்திருந்தான். பெயர் செல்வின். கையெழுத்து அழகாக இருக்கும், பேச்சு மெதுவாக இருக்கும். அது போதாதா? பையன்களைக் கூப்பிடுகிற "ஏலே" அவனுக்குக் கிடையாது; பெண்களைக் கூப்பிடுகிற மாதிரி "ஏட்டி செல்வின்" என்றுதான் முத்துக்குமார் அவனைக் கூப்பிடுவான். மற்றவர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். திட்டிப் பார்த்தேன், என் முதுகுக்குப் பின்னால் கூப்பிட்டார்கள்.

2. மாவுக்கட்டு

ஆஸ்பத்திரித் துணி நெய்கிற ஊர் அது, பேண்டேஜுக்குப் பஞ்சமில்லை. எங்கள் மாணவன் ஒருவனின் அம்மா வேலை பார்த்த யூனிட்டில் கேட்டு, எலும்பு முறிவுக்குப் போடுகிற மாவுக்கட்டுத் துணி ஒரு பை நிறைய வாங்கி வந்தேன். பெண்கள் பள்ளியில் நான் வருடா வருடம் செய்த வேலை அது. பெஞ்சில் ஒருவரைப் படுக்க வைத்து, முகத்தில் எண்ணெய் வைத்து, துணியைத் துண்டு துண்டாக நனைத்து ஒட்ட வேண்டும். மூக்குத் துவாரத்தை மட்டும் விட்டுவிட்டு, கண், வாய் எல்லாம் மூடிவிடும். இறுகும்வரை பேசக் கூடாது, சிரிக்கக் கூடாது. எடுத்தால் அவரவர் முகம் அவரவர் கையில்.

வேறு யாருடைய மீசையும் இல்லாத சொந்த முகத்தை இந்தப் பையன்கள் ஒரு தடவை பார்க்கட்டும் என்று ஆசைப்பட்டேன். அடிக்காமல் ஒருவன் முகத்தை இன்னொருவன் தொட்டே இராத வகுப்பு அது.

"நான் படுக்கேன் டீச்சர்" என்று முத்துக்குமார்தான் முதலில் வந்தான். நானே எண்ணெய் வைத்தேன். துணி ஒட்ட செல்வினைக் கூப்பிட்டேன். எல்லோரும் "ஓ" போட்டார்கள். செல்வின் காதில் வாங்காமல் சுருக்கமில்லாமல் ஒட்டினான்.

இறுகியதும் நெற்றிப் பக்கமிருந்து கழற்றினேன். நெற்றி வந்தது, புருவம் வந்தது, கன்னம் வந்தது. உதட்டுக்கு மேலே வரவில்லை. உள்ளேயிருந்து "ம்ம்ம்" என்று ஒரு சத்தம்.

அப்போதுதான் உறைத்தது. பதினெட்டு வருடம் பெண்பிள்ளைகளின் நெற்றிக்கும் புருவத்துக்கும் எண்ணெய் வைத்துப் பழகிய கை, மீசையை மறந்துவிட்டது. என் புத்தியைச் செருப்பால்தான் அடிக்க வேண்டும்.

வகுப்பு சிரித்தது. பாதி தூக்கிய முகமூடிக்குள் பார்த்தேன். முத்துக்குமாரின் கண்ணிலிருந்து தண்ணீர் காதுப்பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. கத்திரியை எடுத்தேன், எங்கே வெட்டுவதென்று தெரியவில்லை.

"கத்திரி குடுங்க டீச்சர்" என்றான் செல்வின். மற்றவர்களுக்குத் தெரியாதபடி முதுகைக் காட்டி நின்றுகொண்டு, முதலில் உள்ளங்கையால் அந்தக் கண்ணைத் துடைத்தான். பிறகு ஒவ்வொரு முடியாக வெட்டினான். "செத்த நேரந்தான். அசையாத. மூச்ச மட்டும் விடு."

முகமூடி வந்தபோது மீசையின் வலது பாதி எப்படியோ தப்பியிருந்தது, இடது பாதி அதோடு போயிருந்தது. முத்துக்குமார் யாரையும் பார்க்காமல் வாயைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டான்.

3. மீதிப் பாதி

மூன்று நாள் அவன் வரவில்லை. பொதுத்தேர்வு எழுத வேண்டிய பையன். இப்படியே நின்றுவிட்டால் என் கைதானே காரணம்? நான்காம் நாள் சாயங்காலம் அவன் வீட்டுக்குப் புறப்பட்டேன். செல்வின் அந்த முகமூடியை ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு, "நானும் வாரேன் டீச்சர்" என்றான்.

முத்துக்குமார் முகத்தைத் துண்டால் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மில்லில் ஷிப்ட் முடித்து வந்திருந்த அப்பாவுக்கு, படத்தில் மகன் வரைந்த அதே மீசை. நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

"மீசைக்கா? எங்கிட்டப் பொன்னுக்கு வீங்கின்னுல்லா சொன்னான்!" என்றார். பிறகு குரலை இறக்கிக் கேட்டார்: "அம்புட்டு பேருக்கு முன்னால பய அழுதானா டீச்சர்?"

பொய் சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் செல்வின் முந்திக்கொண்டான். "இல்லய்யா. அழுகல."

முத்துக்குமார் துண்டை அவிழ்த்தான். பாதி மீசையோடு அப்பாவை நேராகப் பார்த்தான். "அழுதேன்ப்பா. இவந்தான் ஒருத்தருக்கும் தெரியாம தொடச்சு விட்டான்."

அவர் செல்வினின் பையிலிருந்து முகமூடியை எடுத்தார். அதைத் திருப்பி, உள்ளே ஒட்டியிருந்த முடியை விரலால் தடவிப் பார்த்தார். உள்ளே போய் ரேசரும் சோப்பும் எடுத்து வந்தார். மகனின் தாடையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, "அசையாதலே" என்றபடி மீதிப் பாதியை மெதுவாக மழித்துவிட்டார். முத்துக்குமார் கண்ணை மூடிக்கொண்டான். நான் சுவர்ப்பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினேன்.

ரிட்டயர் ஆகி வந்த பிறகும் அந்த ஈர மாவு வாசனைக்கு மனசு ஏங்குகிறது. புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் கேட்டால் ஒன்றுதான் சொல்கிறேன். பழகிய கையை நம்பாதீர்கள், எதிரில் படுத்திருக்கும் முகத்தைப் பாருங்கள்.

அந்தச் சாயங்காலத்துக்கு மறுநாள் முத்துக்குமார் மழித்த முகத்தோடு வகுப்புக்கு வந்தான். யாரோ சிரித்தார்கள். அவன் தன் கடைசி பெஞ்சுக்குப் போகாமல் நேராக செல்வின் உட்கார்ந்திருந்த இரண்டாவது பெஞ்சுக்கு வந்து நின்றான்.

"ஏலே செல்வின், செத்த நகரு" என்றான்.

செல்வின் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு நகர்ந்து இடம் விட்டான்.