பற்றரி கழற்றிய கைமெஷின்

பேய், பிசாசு என்று யாராவது கதையெடுத்தால் எழும்பிப் போய்விடுகிற ஆள் நான். ஜின் இருக்கிறது என்பது எங்கள் ஈமான், அதை மறுக்கமாட்டேன். ஆனால் மெஷினுக்குள் ஜின் புகுந்துவிட்டது என்று எவராவது சொன்னால், முதலில் வயரைப் பார் என்றுதான் சொல்வேன். கல்முனையில் கம்பியூட்டர் வகுப்பு நடத்தியவள், என் வாய்க்குப் பயந்தே பிள்ளைகள் படித்தார்கள். அப்படிப்பட்ட நான் சொல்கிறேன், நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் சிரித்துவிட்டுப் போங்கள், அல்லாஹ்வின் மேல் ஆணையாக இது நடந்தது. அதுவும் பட்டப்பகலில், லுஹர் தொழுகைக்கும் அஸர் தொழுகைக்கும் இடையில்.

சுனாமி அடித்த கையோடு சாய்ந்தமருதில் ஒரு நிவாரண அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். வீடிழந்த குடும்பங்களைப் பதிய வேண்டும். குச்சியால் தட்டித் தட்டிப் பெயர் எழுதுகிற சின்ன மெஷின்கள் தந்தார்கள், நாங்கள் கைமெஷின் என்போம். அதில் பதிந்ததைப் பின்னேரம் கம்பியூட்டருக்கு ஏற்றுவோம், கூடவே நிரப்புகிற காகிதப் படிவத்தைப் பதிவு இலக்க வரிசையில் கட்டி வைப்போம். அந்தப் புரோகிராமை எழுதிய புண்ணியவான் எந்த ஊரோ, 'குடும்பத் தலைவர்' என்று ஒரு பெட்டி வைத்திருந்தான், அதில் புருஷன் பெயரைப் போட்டால்தான் அடுத்த பக்கம் போகும். எங்கள் பக்கம் வீடு பெண்ணுக்குச் சீதனமாக வருவது, புருஷன்தான் அங்கே வந்து குடியிருக்கிறவன். வீட்டுக்காரி குத்துக்கல்லாட்டம் முன்னால் இருக்க, வந்து குடியிருந்தவரைத் தலைவராக்கிப் பதிந்தோம். அது பிழை என்று அன்றைக்கு ஒருவருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

நாட்டில் சண்டை முடிந்த வருஷம் புதுப் புரோகிராமும் புது மெஷின்களும் வந்தன. பழையதிலிருந்து புதியதுக்கு ஆட்களை மாற்றுகிற வேலை என் தலையில். கடைசி வீட்டுப் பட்டியல் அதுதான், அதில் பெயர் இல்லாதவர்களுக்கு இனி வீடே கிடையாது. ஒரு கிழமை கண் பிதுங்க வேலை செய்தேன். கடைசி நாள், ஐந்து மணிக்குப் பட்டியலை அனுப்ப வேண்டும், மொத்தத்தைப் பார்த்தால் பழையதை விடப் புதியதில் ஒன்று குறைகிறது.

கொழும்பிலிருந்து வந்திருந்த அதிகாரி கொட்டாவி விட்டார். "ஒன்றுதானே மிஸ், விடுங்க."

"ஒண்டு இல்ல சேர், ஒரு குடும்பம்" என்றேன். எனக்குக் கோபம் வந்தால் சேர் என்றும் பார்ப்பதில்லை.

அந்த நேரம் பார்த்து ஹயறுன்னிசா வாசலில் வந்து நின்றாள், மூன்று பெண் பிள்ளைகளோடு. ஒவ்வொரு பட்டியலுக்கும் வருவாள், ஒவ்வொரு முறையும் அடுத்ததில் வரும் என்று சொல்லி அனுப்புவார்கள், இன்னும் தகரக் கொட்டில்தான்.

"என்ன புள்ள, இந்த முறையாவது என்ட பேர் இரிக்கா?"

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. அவளைப் பதிந்தபோது புருஷனைக் காணவில்லை என்றுதான் சொன்னாள், அதனால் தலைவர் பெட்டியில் அவர் பெயரையே போட்டேன். கொஞ்ச நாளில் அவர் உடல் மையத்தாகக் கிடைத்தது, அவளே வந்து சொன்னாள், நானும் 'மரணம்' என்று அடையாளம் இட்டேன். அப்படி அடையாளம் இடுவதற்கு முன்பே மனைவியின் பெயரைத் தலைவர் பெட்டிக்கு மாற்ற வேண்டும். மற்ற எல்லோருக்கும் மாற்றினேன், இவளுக்கு மறந்துவிட்டேன். தலைவர் இறந்தால் அந்தப் புரோகிராம் முழு வீட்டையும் ஒளித்துவிடும், எண்ணிக்கையில் மட்டும் கிடக்கும், தேடினாலும் காட்டாது. நாலரை வருஷம் அவளைக் கொட்டிலில் வைத்தவள் நான்தான்.

"ராத்தா, பிழ விட்டது நான்தான்" என்று அழுதேவிட்டேன்.

"அழாத கா, இப்ப என்ன செய்யலாம் எண்டு பாரு" என்றாள். அவள் என்னை ஏசியிருந்தால் பரவாயில்லை.

பதிவு இலக்கம் இருந்தால்தான் சேர்க்கலாம் என்றார் அதிகாரி. வாய்ச்சொல்லுக்குச் சேர்த்தால் நாளைக்கு ஊரே வரும், அவர் சொன்னதும் நியாயம்தான். படிவங்கள் பக்கத்து அறையில் கூரை வரைக்கும் அடுக்கிக் கிடந்தன, இலக்கம் தெரியாமல் அதற்குள் தேடினால் மாதக்கணக்கு. கைமெஷின்கள் மூலையில் உரப்பையில் கட்டிக் கிடந்தன, கொழும்புக்குத் திருப்பி அனுப்ப. பற்றரிகள் ஊதிப்போய், இரண்டு வருஷத்துக்கு முதலே என் கையாலேயே எல்லாவற்றையும் கழற்றி எறிந்திருந்தேன். பற்றரி போனால் உள்ளே இருந்ததெல்லாம் அழிந்துபோகிற சாதி அது. போதாக்குறைக்குக் கரண்டும் போனது.

"உம்மா, பைக்குள்ள லைட் எரியிது" என்றாள் கடைசிப் பிள்ளை.

எரிந்தது. பிஸ்மி சொல்லிக்கொண்டு பையை அவிழ்த்தேன், அடியில் கிடந்த ஒரு மெஷின் பச்சையாக எரிகிறது, எடுத்துத் திருப்பினால் பின்னால் வெறும் பள்ளம், என் விரல் அதற்குள் போகிறது. திரையில் ஹயறுன்னிசாவின் பதிவு! மேலே இலக்கம், பிறகு புருஷன் பெயர், அவள் பெயர், பிள்ளைகள் பெயர். உரத்து வாசித்தேன், அதிகாரி தன் கொப்பியில் எழுதினார். பிறகு மெஷினை வாங்கிப் பின்பக்கத்தைப் பார்த்தார், மேசையில் வைத்துவிட்டுக் கையைக் காற்சட்டையில் துடைத்தார். திரை அணைந்தது. பிறகு அது எரியவேயில்லை.

அறைக்கு ஓடினேன். இலக்கம் தெரிந்தால் எனக்கு எத்தனை நிமிஷம்! அந்த இலக்கக் கட்டை இழுத்து, தூசியோடு படிவத்தை உருவி, அவர் முன்னால் அடித்து வைத்தேன். "போடுங்க சேர்! தலைவர் பெட்டியில வீட்டுக்காரிட பேரப் போடுங்க!" கரண்ட் வந்தது, போட்டார். பழைய மொத்தமும் புதிய மொத்தமும் சரிக்குச் சரி வந்தது. ஹயறுன்னிசா என்னைக் கட்டிப் பிடித்து அழுகிறாள், நான் சிரிக்கிறேன், பள்ளிவாசலில் அஸர் பாங்கு கேட்கிறது. அன்றைக்கு வீட்டுக்கு நடந்த நடையில் கடற்கரை வீதியே எனக்குப் போதவில்லை. சில மாதங்களில் வீட்டைத் திறக்கிற திறப்பும் அவள் கைக்கு வந்தது, வீடு அவள் பெயரிலேயே.

இத்தோடு நிறுத்தியிருக்கலாம். படிவத்தைத் திருப்பிக் கட்டுக்குள் வைக்கும்போதுதான் ஒழுங்காகப் பார்த்தேன். அதில் பிள்ளைகள் இரண்டுதான். கீழே என் கையெழுத்தில் 'கர்ப்பிணி' என்று இருக்கிறது. மெஷினைப் பார்த்து நான் வாசிக்க அதிகாரி எழுதின கொப்பியில் மூன்று பெயர், மூன்றாவது சுமையா. வாசித்த நேரம் பிள்ளை முன்னால் நின்றதால் எங்களுக்கு வித்தியாசமாகத் தெரியவில்லை. சுமையா பிறந்ததோ, அந்த மெஷின்களைப் பதிவு வேலையிலிருந்து எடுத்து சில மாதம் கழித்து.

அவள் புது வீட்டுக்குப் போன அன்று கேட்டேன், பதியும்போது வயிற்றுப் பிள்ளையின் பெயரை யாரிடமாவது சொன்னாயா என்று. திரைச்சீலை கட்டிக்கொண்டிருந்தவள் அதை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பிச் சொன்னாள்.

"சுனாமிக்கு முதல் நாள்தான் கா அவர் சொன்ன, பொம்புளப் புள்ள எண்டா சுமையா எண்டு வைப்பம் எண்டு. புள்ள பொறக்கும் வரைக்கும் அது அவருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். நான் ஒருத்தருக்கும் சொல்லல்ல."