ஆறாம் பாரத்து வருகைப் பதிவேடும் அக்காவும்

அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. நினைவு மலர் போடுவதென்று முடிவானதும் அக்காவின் மகன் என்னிடம் வந்தான். "மாமா, அம்மாவைப் பத்தி நீங்கதான் எழுதணும். ஆனா ஆபீஸ் லெட்டர் மாதிரி எழுதிராதீங்க" என்றான். கல்வி அலுவலகத்தில் 'பொருள்', 'பார்வை' என்று தலைப்பிட்டு எழுதியே வேலைக்காலத்தைக் கழித்தவனிடம் கேட்கக் கூடாத உதவி. இருந்தாலும் முயல்கிறேன். மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களும், அக்காவிடம் படித்தவர்களும் கடைசி வரை வாசிக்க வேண்டும். சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது.

அக்கா கன்னிவாடிக்குப் பக்கத்தில், மலையடிவாரத்துக் கிராமம் ஒன்றில் பிறந்தார். அப்பாவுக்கு ஒரு கிணறும் அதைச் சுற்றிக் கொஞ்சம் நிலமும் இருந்தன. தக்காளியும் கத்தரியும் போடுவார். இத்தகைய மலர்களில் எல்லாரும் சிறு வயதிலேயே அறிவுக்கூர்மையுடன் விளங்குவார்கள். அக்காவுக்குக் கணக்கு வராது. பள்ளி இறுதித் தேர்வில் கணக்கில் தவறி, செப்டம்பரில் மீண்டும் எழுதித்தான் தேறினார். இதை மறைக்க வேண்டாமென்று அவரே சொல்லியிருக்கிறார். "தோத்தவ பாடம் நடத்துனாத்தான் தோக்கிறவளுக்குப் புரியும்" என்பார். பிறகு விடுதியில் தங்கிப் படித்து, ஆசிரியப் பயிற்சி முடித்து, ஐம்பதுகளின் நடுவில் திண்டுக்கல்லில் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் சரித்திர, பூகோள ஆசிரியையாகச் சேர்ந்தார். அப்பா இறந்தபின் என்னைக் கல்லூரியில் படிக்க வைத்தவரும் அக்காதான். எனக்குக் கல்வி அலுவலகத்தில் எழுத்தர் வேலை கிடைத்த அன்று அவர் பள்ளி ஆசிரியைகள் எல்லாருக்கும் லட்டு கொடுத்தாராம். ஒரு குமாஸ்தா வேலைக்கு லட்டு அதிகம்.

அந்தப் பள்ளியின் காலை நேரம் எனக்கு அத்துப்படி. ஊருக்கு வரும் நாட்களில் அக்காவின் குடையையும் கட்டுரை நோட்டுக் கட்டையும் தூக்கிக்கொண்டு வாசல் வரை போவேன். முதல் மணி அடித்ததும் முற்றத்தில் கடவுள் வாழ்த்து. தலைமையாசிரியை வரிசையாக நடந்து, ரிப்பன் கட்டாத சடைகளையும் மை படிந்த விரல்களையும் பார்ப்பார். இரண்டாம் மணியில் வகுப்பு. பெயர் கூப்பிடுவார்கள். வந்தவளுக்குச் சாய்கோடு, வராதவளுக்கு 'ஏ'. பெயர் கூப்பிட்டு முடிந்தபின் வருகிறவளுக்கு அரை நாள் போய்விடும்.

விதி இதுதான். ஆனால் அந்தப் பள்ளி ஆசிரியைகளிடம் ஒரு பழக்கம் இருந்தது. தாமதமாக வரும் பிள்ளைக்குக் கட்டத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பார்கள். முதல் பாடவேளை முடிவதற்குள் அவள் வந்துவிட்டால் புள்ளியின் மேல் மையால் கோடு இழுத்துவிடுவார்கள். ஊரில் பாதிப் பிள்ளைகள் பஸ்ஸையும் வயலையும் நம்பி வருகிறவர்கள் என்பதால் யாரோ ஒரு நல்லவர் கண்டுபிடித்த வழி. அக்காவும் அப்படித்தான் செய்துவந்தார்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தேன்.

"என்னக்கா இது, அம்மை போட்ட மாதிரி புள்ளி?"

"லேட்டா வர்ற பிள்ளைகடா."

"பென்சில் புள்ளி விதியில கிடையாது. இன்ஸ்பெக்ஷன்ல பார்த்தா பதிவேட்டைத் திருத்தினதா எழுதிருவாங்க. பேரு கூப்பிடும்போது இருந்தா கோடு, இல்லைன்னா ஏ. அம்புட்டுத்தான்."

அக்கா பதிவேட்டை மூடினார். "நீ சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்றார். மறுநாளிலிருந்து அவருடைய பதிவேட்டில் புள்ளி இல்லை.

அறுபதுகளின் தொடக்கத்தில் அக்கா ஆறாம் பாரத்துக்கு வகுப்பாசிரியை. பள்ளி இறுதித் தேர்வு எழுதும் வகுப்பு அது. அதில் நிலக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பஸ்ஸில் வந்து படித்த பெண் ஒருத்தி இருந்தாள். வெள்ளையம்மாள் என்று வைத்துக்கொள்வோம். உண்மைப் பெயரை எழுதினால் அவள் குடும்பத்துக்குச் சங்கடமாகலாம். அவள் தகப்பனாருக்கு மல்லிகைத் தோட்டம். மல்லிகையை மொட்டாக, வெயில் ஏறுமுன் பறித்து, சந்தைக்குப் போகும் வண்டியில் ஏற்றிவிட வேண்டும். வெள்ளையம்மாள் பறித்துவிட்டுத்தான் பஸ் ஏறுவாள். பூ அதிகமிருந்தால் முதல் பஸ் போய்விடும்.

"இன்னைக்கும் பஸ்ஸாடி?" என்பார் அக்கா.

"பஸ் இல்ல டீச்சர், பூவு. நாளைக்கு முகூர்த்தமாம், எங்கய்யா விடல."

"முகூர்த்தம் யாருக்கு, உனக்கா?"

வகுப்பே சிரிக்கும். அக்கா அவளை உட்காரச் சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடர்வார். கட்டத்தில் 'ஏ' அப்படியே இருக்கும். தையல் ஆசிரியை கேலி செய்வாராம்: "அவ லேட்டா வந்தாலும் வாசமா வர்றா. நாம சீக்கிரமா வந்து என்னத்தக் கண்டோம்?" அந்த வகுப்பில் சரித்திரத்தில் முதல் மதிப்பெண் வெள்ளையம்மாளுக்குத்தான். பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து ஆசிரியை ஆக வேண்டும் என்பது அவள் எண்ணம். தகப்பனாரிடம் அதற்குச் சம்மதம் வாங்கிக் கொடுத்ததும் அக்காதான்.

மார்கழியில் கூட்டிப் பார்த்தபோது அவளுக்கு வருகை நாட்கள் குறைந்தன. அரை நாள் அரை நாளாகச் சேர்ந்த குறை. வருகை குறைந்தால் தேர்வு எழுத முடியாது. ஆனால் காரணம் காட்டி விண்ணப்பித்தால் அந்தக் குறையை மன்னிக்க அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. அக்கா விண்ணப்பம் தயாரித்தார். தகப்பனாரின் வாக்குமூலத்தில் அவருடைய கைரேகை. கீழே வகுப்பாசிரியையாக அக்காவின் கையெழுத்து. அதற்கும் கீழே தலைமையாசிரியையின் மேலொப்பம். எல்லாம் சேர்ந்து, முறைப்படி, நான் வேலை பார்த்த அலுவலகத்துக்கு வந்தது. வந்து சேர்ந்த மேசை என்னுடையது. அக்கா என்னிடம் முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் சிபாரிசு ஆகிவிடும் என்று நினைத்தாராம்.

பக்கத்து மேசைக்காரர் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். "என்னய்யா, ஒங்க அக்கா பள்ளிக்கூடமா? அப்ப இன்னைக்கே முடிஞ்சிரும்" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பு என்னைச் சுட்டது. அன்று அதே போன்ற விண்ணப்பங்கள் மேலும் சில இருந்தன. அவற்றுக்குச் சாதகமாகக் குறிப்பு எழுதி அனுப்பினேன். அக்காவின் பள்ளியிலிருந்து வந்ததை மட்டும் வரி வரியாகப் படித்தேன். குறை எதுவுமில்லை. குறை வேண்டும் என்று தேடினேன். கடைசியில், 'பெற்றோரின் கைரேகைக்கு இரண்டு சாட்சிகள் சான்றளிக்கவில்லை. சரிசெய்து மீண்டும் அனுப்புக' என்று எழுதித் திருப்பினேன். அதிகாரி நான் காட்டிய இடத்தில் கையெழுத்திட்டார். என் மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. பக்கத்து மேசைக்காரர் பிறகு சிரிக்கவில்லை. நான் நேர்மையானவன் என்று அன்று மாலை வரை மிகவும் மகிழ்ச்சியாக இருந்தேன்.

அந்த வாரக் கடைசியில் பொங்கலுக்கு வீட்டுக்குப் போனேன். தபால் இன்னும் பள்ளிக்குப் போய்ச் சேரவில்லை. விடுமுறை முடிந்துதான் சேரும். அக்கா பொங்கல் பரிமாறும்போது நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்று மாலையே பஸ் ஏறிச் சாட்சிக் கையெழுத்து வாங்கியிருப்பார். அலுவலகத் தாளைப் பற்றி வீட்டில் பேசுவது முறையல்ல என்று வாயை மூடிக்கொண்டு இரண்டாம் முறை பொங்கல் வாங்கிச் சாப்பிட்டேன்.

விடுமுறை கழிந்து தாள் அக்காவின் கைக்குக் கிடைத்தது. அன்றே கிராமத்துக்குப் போய்ச் சாட்சிகளைப் பிடித்து, மறுநாள் அனுப்பினார். அது என் மேசைக்குத் திரும்பியபோது கடைசித் தேதி கடந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. 'காலங்கடந்து பெறப்பட்டது, பரிசீலிக்க இயலாது' என்று எழுதினேன். அதற்கு மட்டும் விதி இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கா, "தம்பி, என்கூட வா. அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போகணும்" என்றார். போனோம். தோட்டத்து வரப்பில் தகப்பனார் நின்றிருந்தார். வெள்ளையம்மாள் கிணற்று மேட்டில் இருந்து இறங்கி ஓடி வந்தாள். நல்ல செய்தி என்று நினைத்துவிட்டாள்.

அக்கா நின்றபடியே சொன்னார்: "அய்யா, இந்த வருசம் பரீட்சை எழுத முடியாதுங்க. உங்க ரேகைக்குச் சாட்சி வாங்காம அனுப்பிட்டேன். விதி தெரியாம நடந்துபோச்சு. தப்பு என்னோடது. பிள்ளை மேல ஒரு குறையும் இல்ல."

"ஆபீசுல செத்த சொல்லிப் பாக்கக் கூடாதா, டீச்சரம்மா?"

"ஆபீசுல சரியாத்தான் பார்த்திருக்காங்க. இவன் என் தம்பிதான், அங்கதான் இருக்கான். இவன் பார்த்தாத் தப்பிருக்காது."

அந்த மனிதர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன்.

"அடுத்த வருசம் எழுதிக்கிறேன் டீச்சர்" என்றாள் வெள்ளையம்மாள்.

தகப்பனார் தலையை ஆட்டினார். "அய்யலூர்ல இருந்து வந்து பொண்ணு பார்த்துட்டுப் போயிருக்காக, டீச்சரம்மா. ஆட்டு ஏவாரம், நல்ல குடும்பம். பரீட்சை எழுதட்டும், மேல படிக்கட்டும்னு நீங்க சொன்னீகன்னுதான் அவுகளுக்குப் பிடி கொடுக்காம இருந்தேன். இன்னும் ஒரு வருசம்னா நான் என்னன்னு சொல்ல?"

தாளைத் திருப்பியவன் நான். பதில் என்னிடம் இருந்தது. எங்களுக்கு மோர் கொடுத்தார்கள். குடித்தேன்.

மாசியில் கல்யாணம். அக்கா போய்வந்தார். நான் அலுவலக வேலை என்று சொல்லிவிட்டேன். ஆசிரியை ஆக இருந்தவள் அய்யலூருக்குப் போனாள். அதன்பின் அவளைப் பற்றி எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை.

அன்றிலிருந்து ஓய்வு பெறும் வரை அக்கா எந்தப் பெற்றோரின் கைரேகையையும் இரண்டு சாட்சிகள் இல்லாமல் வாங்கியதில்லை. மாற்றுச் சான்றிதழோ, உதவித்தொகை விண்ணப்பமோ, எதுவானாலும் "ரெண்டு பேரைக் கூட்டிட்டு வாங்க" என்று திருப்பி அனுப்புவார். கூலி வேலையை விட்டுவிட்டு வந்தவர்கள் முணுமுணுப்பார்கள். சக ஆசிரியைகள் முதலில் சிரித்தார்கள். பிறகு அக்காவுக்கு விதி தெரியும் என்று அவர்களும் அதையே பின்பற்றினார்கள்.

அப்படி ஒரு விதி கிடையாது. தலைமையாசிரியையின் மேலொப்பமே போதும். நான் கண்காணிப்பாளராகப் பதவி உயர்ந்த பிறகு கையேட்டை முழுதாகப் படித்தபோதுதான் இது உறுதியாயிற்று. அதற்கு முன்பும் எனக்கு உறுதியில்லை என்பதுதான் உண்மை. தெரியாத விதியை எழுதித் திருப்பினேன். தெரிந்த பிறகும் அக்காவிடம் சொல்லவில்லை. அவர் ஓய்வு பெறும் நாளில் சொல்லலாம் என்றிருந்தேன். அன்று பூமாலையும் மரியாதையுமாக இருந்தது. பிறகு அத்தான் மறைந்தார். அதன்பின் சந்தர்ப்பம் சரியில்லை என்று நானே முடிவுசெய்துகொண்டேன். கோப்பைக் கிடப்பில் போடுவது எப்படி என்று எனக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

அக்கா கடைசி மூன்று வாரம் மருத்துவமனையில் இருந்தார். நினைவு தெளிவாக இருந்தது. ஒரு பிற்பகல் என்னிடம் கேட்டார்: "தம்பி, அந்த ரெண்டு சாட்சி விதி இன்னமும் இருக்கா?"

"எடுத்துட்டாங்கக்கா."

"நல்லதாப் போச்சு. பாவம், சனங்க அலைஞ்சதுக" என்று கண்ணை மூடிக்கொண்டார். அந்தக் கேள்விக்கு நான் சொன்னதும் பொய்.

அக்காவை இரவும் பகலும் பார்த்துக்கொண்ட அவர் மகனுக்கும் அவன் மனைவிக்கும், முகம் கோணாத செவிலியர்களுக்கும், சாப்பாடு கொண்டுவந்து கொடுத்த பக்கத்து வீட்டாருக்கும், இறுதி ஊர்வலத்தில் வெயிலில் நடந்து வந்த பழைய மாணவிகளுக்கும் குடும்பத்தின் சார்பில் நன்றி. அந்த மாணவிகளுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்கள் தாய் தகப்பன் சாட்சிக்கு ஆள் தேடி அலைந்தது என்னால். அக்கா மேல் வருத்தம் இருந்தால் அதை என் பக்கம் மாற்றிக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் அக்கா உயிரோடு இருந்தபோது சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பார் என்று இந்த ஓராண்டாக யோசிக்கிறேன். என்னைத் திட்டியிருக்க மாட்டார். குடையை எடுத்துக்கொண்டு, அய்யலூருக்கு அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டிருப்பார்.