ஆடிக் காற்றும் என் சகலையும்

கணுக்கால் நனையாத தண்ணீரில் தரைதட்டிய ஒரு படகில், மதியச் சாப்பாட்டு வேளை முழுவதும் நான் தனியாக உட்கார்ந்திருந்திருக்கிறேன். இறங்கி நடந்தால் கரை, கரையில் புளிசாதம். இறங்கவில்லை. காரணம், பொறாமை.

எழுபதுகளின் கடைசி. கல்யாணமான முதல் ஆடி. பதினெட்டாம் பெருக்குக்குத் திருவண்ணாமலையிலிருந்த மாமனார் வீட்டுக்கு இரண்டு மாப்பிள்ளைகளையும் அழைத்திருந்தார்கள். மூத்தவர் என் சகலை, அரசாங்க இன்ஜினீயர். மாமியாருக்கு அவர் ‘பெரிய மாப்ளே’. நான் ‘நம்ம வாத்தியாரு’. அவர் இலையில் நெய் தானாக விழும். என் இலையில் கேட்டால் விழும். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். அவர் எது சொன்னாலும் என் மனைவி தலையாட்டுவதைத்தான் பொறுக்க முடியவில்லை. என் பேச்சுக்கு ஒருமுறையாவது அவள் அப்படித் தலையாட்ட வேண்டும் என்று, படித்த புத்தகங்களையெல்லாம் அவளிடம் எடுத்துச் சொல்லிப் பார்த்திருந்தேன். கொட்டாவிதான் வந்தது.

பெருக்கன்று சாத்தனூர் அணையின் மேல்கோடிக்குப் போனோம். மாமனாருக்குத் தெரிந்த மீன்காரர் படகு ஒன்றைக் கொடுத்திருந்தார். மேற்கேயிருந்து அடித்த காற்று புடவைகளைப் பிடுங்கியது. ஈரச் சேற்றுப் பட்டை ஒன்று தண்ணீருக்கு வெளியே பளபளப்பதைச் சகலை பார்த்தார்.

“காத்து ஜாஸ்தி. தண்ணிய அணைப் பக்கம் தள்ளிக்கினு போவுது, இங்க கம்மியாயிடும். இப்ப எடுத்தா சேத்துல உக்காந்துரும். கயித்த நீளமா விட்டு மரத்துல கட்டி வைங்க. காத்து நின்னா தண்ணி திரும்பி வரும், சாப்ட்டுட்டுப் போலாம்” என்றார்.

என் மனைவி தலையாட்டினாள்.

“அணைத் தண்ணி என்ன தட்டுல ஊத்தின ரசமா சகலை, ஒரு பக்கமா ஓடுறதுக்கு?” என்றேன். மாமனார் சிரித்தார். அந்தச் சிரிப்பு தலைக்கேறிவிட்டது. கயிற்றை அவிழ்த்தேன், மனைவியை ஏற்றினேன், துடுப்பைப் போட்டேன். நாலு வீச்சில் படகு சேற்றில் உட்கார்ந்தது. சுற்றியிருந்த தண்ணீர், தட்டைச் சாய்த்தது போலவே, கொஞ்சம் கொஞ்சமாக விலகிப் போனது.

“எறங்கி நடங்க, பசிக்குது.”

“நீ போ. நான் கொஞ்சம் காத்து வாங்கறேன்.”

அவள் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போயே போய்விட்டாள். நான் கரைக்கு முதுகைக் காட்டி, தலையைக் குனிந்து உட்கார்ந்தேன். அந்த முதுகில் அவமானம், வைராக்கியம், வாசிப்பு எல்லாம் தெரிந்திருக்கும் என்பது என் நம்பிக்கை. பின்னாலிருந்து, “பெரிய மாப்ளே, இன்னும் கொஞ்சம் போட்டுக்கோங்க” என்று மாமியார் குரல் மட்டும் வந்தது.

பிற்பகலில் காற்று அடங்கியது. தண்ணீர் ஓசையில்லாமல் திரும்பி வந்து படகைத் தூக்கியது. சகலை முழங்கால் தண்ணீரில் வந்து, ஒரு வார்த்தை பேசாமல், கயிற்றைப் பிடித்து அலுங்காமல் இழுத்துக் கரை சேர்த்தார். ஜெயித்தவர் காட்டிய அந்தக் கருணையை என்னால் மன்னிக்கவே முடியவில்லை. குத்திக் காட்டியிருந்தால் பதிலாவது சொல்லியிருப்பேன்.

எண்பதுகளில், காதோரம் நரைத்த பிறகு, ஒருநாள் மனைவியிடம் கேட்டேன்: “அன்னைக்கு நான் எவ்ளோ கோவமா உக்காந்திருந்தேன்னு உங்க வீட்ல யாருக்குமே புரியலையா?”

“கோவமா?” என்றாள். “‘வாத்தியாரு அசந்து தூங்குறாரு, எழுப்பாம மெதுவா இழுத்துட்டு வாங்க’ன்னு சொல்லித்தானே எங்கம்மா உங்க சகலைய அனுப்புனாங்க!”