அலமாரிக்குள் இருந்தவள்

அவள் பொம்மை செய்பவள். கடையில் விற்கிற பொம்மை அல்ல, படத்தில் நடிக்கிற பொம்மை. கம்பியால் எலும்பு, ரப்பர் பஞ்சால் சதை, முகத்துக்கு மட்டும் களிமண். அதை மேஜைமேல் நிறுத்தி, இம்மியளவு நகர்த்தி, ஒரு படம் எடுப்பார்கள். மறுபடி நகர்த்தி, மறுபடி ஒரு படம். நாள் முழுக்க உயிரை விட்டால் திரையில் பொம்மை நாலடி நடக்கும்.

அந்த வேலைக்குத் தங்கையைக் கூட்டி வந்ததே அவள்தான். ஆரம்பத்தில் தங்கைக்குக் கம்பியை வளைக்கக்கூடத் தெரியாது. ஆறே வருஷத்தில் அவள் இயக்குநர் ஆகிவிட்டாள், அக்கா பொம்மை மேஜையிலேயே இருந்தாள். பட்டறைக்கு வருகிறவர்கள், "ஓ, நீங்கதான் அவங்க அக்காவா?" என்பார்கள். அவளும் சிரித்துவைப்பாள். வயிறு எரிகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ளக்கூட வெட்கமாக இருந்தது. ஆனால் எரிந்தது.

இந்த முறை தங்கை எடுத்தது அம்மா சொன்ன கதை. அழுகிற பிள்ளைகளை அரக்கன் ஒருவன் பெட்டிக்குள் போட்டுப் பூட்டுவான். கண்ணீரெல்லாம் முத்தாகி, அழுகை ஓய்ந்த பிறகுதான் திறப்பான். அம்மாவின் கதையில், அப்படி அடைபட்ட ஒரு பெண் மடி நிறைய முத்தோடு வீடு திரும்புவாள். தங்கையின் படத்தில் முத்தை அரக்கன் எடுத்துக்கொள்கிறான். பெண் வெறுங்கையோடு, பேச்சும் மறந்து வெளியே வருகிறாள்.

தங்கை வரைந்து கொடுத்த படங்களைப் பார்த்தபோது அக்காவின் கை நின்றது. பெட்டி இருக்க வேண்டிய இடத்தில் அலமாரி இருந்தது. இரண்டு கதவு, கீழே பெயர்ந்து நிற்கும் பலகை, உள்ளே தொங்கும் ஆண் சட்டைகள். ஒன்பது வயதில் அக்கா அழுதபோதெல்லாம் அப்பா அவளை அடைத்துவைத்த அதே அலமாரி. அப்பா போய்ப் பல வருஷமாகிறது. அதைப் பற்றி அக்காவும் தங்கையும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

பெண் பொம்மைக்கு மோவாயில் குழி வேண்டும் என்று தங்கை குறித்திருந்தாள். குழி தங்கையின் மோவாயில்தான் இருந்தது. அக்கா வாயைத் திறக்காமல் செய்து கொடுத்தாள். பதினோரு நாள் படப்பிடிப்பு நடந்தது. பன்னிரண்டாம் நாள் காலை, தேநீரோடு பிரித்த பத்திரிகையில் தங்கையின் பேட்டி வந்திருந்தது. 'இது என்னுடைய குழந்தைப் பருவம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள்.

பேரை எடுத்துக்கொண்டாள், போகட்டும். அலமாரியையுமா?

யாரும் வருவதற்கு முன் அவள் பட்டறைக்குப் போனாள். கொஞ்சம் களிமண்ணை உருட்டிப் பொம்மையின் மோவாய்க் குழியை அடைத்து, விரலால் வழித்துவிட்டாள்.

தங்கை வந்ததுமே கண்டுபிடித்துவிட்டாள்.

"யாரு இதை அடைச்சது?"

"நான்தான்."

"ஏன்க்கா? எடுத்ததோட ஒட்டவே ஒட்டாதே!"

"உள்ள இருந்தது நீயா? ஒரே ஒரு தடவையாவது அப்பா உன்னை உள்ள போட்டிருக்காரா? சொல்லுடி."

தங்கை ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"இல்ல. சாவியை என் கையில குடுத்து வெளிய நிக்க வெப்பாரு. அக்கா அழுகைய நிறுத்தினதும் வந்து சொல்லுன்னு சொல்வாரு. நீ நிறுத்திடுவ. நான் உடனே போய்ச் சொல்ல மாட்டேன்."

"ஏன்?"

"வெளிய வந்ததும் அம்மா உன்னைத்தான் மடியில போட்டுக்குவாங்க. அன்னிக்கு முழுக்க நான் அவங்க கண்ணுலயே பட மாட்டேன். அதனால, சுவரைப் புடிச்சிட்டு மெதுவா, மெதுவாப் போவேன். எனக்கு ஆறு வயசுக்கா."

அழுது ஓய்ந்த பிறகும் திறக்காத அந்தக் கதவு அக்காவுக்கு நன்றாக நினைவிருந்தது. அப்பாதான் மறந்துவிட்டார் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தாள். இப்போது தங்கைமேல் கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. இவளுடைய கதை என் கதையைவிட நல்ல கதை என்றுதான் முதலில் தோன்றியது. அழுதவளைப் பற்றி யார் வேண்டுமானாலும் படம் எடுப்பார்கள். சாவியோடு நின்றவளைப் பற்றி யார் எடுப்பார்கள்? அதிலும் இவள்தான் முந்திக்கொண்டாள்.

"அப்போ அதை எடு," என்றாள் கடுப்பாக. "குழி வெச்ச பொண்ணு சாவியோட வெளிய நிக்கட்டும். உள்ள இருக்கறவளை நான் செஞ்சு தர்றேன். அவமேல வேற யார் கையும் படக்கூடாது, உன் கையும்தான்."

பதினோரு நாள் உழைப்பு குப்பைக்குப் போனது. தங்கை காட்சிகளை மறுபடி வரைந்தாள். அலமாரிக்குள் நடக்கிற காட்சிகளைக் கறுப்புத் திரைக்குள் அக்கா தனியாகவே எடுத்தாள். அந்தப் பொம்மையின் தோள் எப்போது குறுகும், விரல் எப்போது கதவிடுக்கைத் தடவும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

படம் வெளிவந்தது. திரையிட்ட இடமெல்லாம் சனங்கள் தங்கையைச் சூழ்ந்துகொண்டு சாவிக்காரப் பெண்ணைப் பற்றியே கேட்டார்கள். தங்கை ஒவ்வொரு தடவையும் அக்காவைக் கைகாட்டி, "உள்ள இருந்தது அவங்க," என்றாள். அவர்கள் திரும்பிப் பார்த்து, பாவம் என்பதுபோல் தலையசைத்துவிட்டு மறுபடி தங்கையிடமே பேசினார்கள். அக்கா இரண்டு கூட்டங்களுக்குப் போனாள். மூன்றாவதற்குத் தலைவலி என்று சொல்லிவிட்டாள்.

இப்போது அவள் சொந்தமாக ஏழு நிமிஷப் படம் ஒன்று எடுக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் தங்கை வந்து விளக்கு நகர்த்திக் கொடுக்கிறாள், கை ஆடினால் திட்டும் வாங்குகிறாள்.

"என்ன கதைக்கா? எங்கிட்டயாவது சொல்லேன்."

"உங்கிட்டயா? நல்லாச் சொன்னேன், போ. அந்த விளக்கை இப்படித் திருப்பு."